கனமான ரப்பர் கையுறை: எதைப் பார்த்து வாங்குவது?

கடையில் போய் கிளவுஸ் கேட்டால், "கெட்டியா வேணுமாண்ணே, சாதாவா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். தடிமனை அப்புறம் பார்க்கலாம். கையில் என்ன படப்போகிறது? அதை முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

படி 1: ரசாயனத்துக்கு ஏற்ற ரப்பர்

சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் பட்டறையில் காஸ்டிக் சோடாத் தண்ணீர்தான் கையை அரிக்கும். அதற்கு இயற்கை ரப்பரே போதும், கை மடங்கவும் வசதி. அதே கையுறையை மதுரை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் இன்ஜின் கழுவுகிறவர் போட்டால், எண்ணெயிலும் டீசலிலும் ரப்பர் ஊறி உப்பி, கொழகொழத்துப் போகும். அங்கே நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் வேண்டும்.

பெயின்ட் தின்னர்தான் சிக்கலான ஆள். அசிட்டோன் நைட்ரைலைச் சீக்கிரமே கடந்துவிடும். பியூட்டைல் ரப்பர் அசிட்டோனைத் தாங்கும், ஆனால் டொலுயீனுக்கு ஆகாது. தின்னரில் இரண்டுமே இருக்கலாம். விற்றவரிடம் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்கி, அதில் எந்தக் கையுறை சொல்லியிருக்கிறது என்று பாருங்கள்.

இயற்கை ரப்பர் பட்டால் அரிப்பு, தடிப்பு வருகிறவர்களும் நைட்ரைலுக்கு மாறிவிடலாம்.

படி 2: முத்திரையைப் படிப்பது

கையுறையில் அச்சிட்டிருப்பது சுத்தியல் படம் என்றால் உராய்வு, வெட்டு, கிழிசலுக்குச் சோதித்தது என்று பொருள். அதை நம்பி ஆசிட்டில் கை விடக் கூடாது. ரசாயனத்துக்குக் குடுவைப் படம், பக்கத்தில் ஐஎஸ்ஓ 374 என்ற எண். 'ஏ' வகை குறைந்தது 6 ரசாயனங்களை, ஒவ்வொன்றையும் 30 நிமிடமாவது தடுத்திருக்க வேண்டும். 'பி' வகைக்கு 3 ரசாயனம் போதும். குடுவைக்குக் கீழே உள்ள ஆங்கில எழுத்துகள் எந்தெந்த ரசாயனம் என்று சொல்லும்: 'கே' 40 சதவீதக் காஸ்டிக் சோடா, 'எல்' 96 சதவீதக் கந்தக அமிலம். சாயப் பட்டறைக்கு 'கே' இல்லாததை வாங்காதீர்கள், எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் சரி.

படி 3: அளவு

கட்டை விரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி டேப் வைத்து அளங்கள். 8 அங்குலம் வந்தால் 8ஆம் நம்பர். தொளதொளவென்று இருந்தால் பிடி நழுவும். தொட்டிக்குள் கை விடும் வேலைக்கு மணிக்கட்டைத் தாண்டி நீளமாக இருப்பதே நல்லது.

படி 4: போடும் முன்

வாய்ப்பக்கத்தைச் சுருட்டி, உள்ளே காற்றை அடைத்து அமுக்குங்கள். எங்காவது புஸ்ஸென்றால் தூக்கிப் போடுங்கள், ஒட்டுப் போட்டு ஓட்ட வேண்டாம். வேலை முடிந்ததும் கையில் இருக்கும்போதே கழுவி, அப்புறம் கழற்றி நிழலில் தொங்கவிடுங்கள். நம்மூர் வெயிலில் காயப்போட்டால் ரப்பர் வெடித்துவிடும்.

லேத், டிரில் மாதிரிச் சுழலும் மெஷினில் எந்தக் கையுறையும் போடக் கூடாது. சிக்கினால் கையையும் இழுத்துக்கொள்ளும். கரன்ட் வேலைக்கு வோல்டேஜ் வகுப்பு அச்சிட்ட மின்கையுறை தனியாக உண்டு, இவை எதுவும் அதற்கு ஆகாது.