வறட்சி தாங்கும் சக்குலென்ட், டேலிலி: பார்த்து வாங்குவது எப்படி?

சக்குலென்ட் என்பது சதைப்பற்றான இலையில் நீரைச் சேமிக்கும் செடி; டேலிலி லில்லி போன்ற பூ பூக்கும் செடி. இரண்டுமே தண்ணீர் குறைவாகக் கேட்பவைதான். ஆனாலும் ஒரே பாத்தியில் நடாதீர்கள். டேலிலி தன் சதைப்பற்றான வேரில் நீரைச் சேமித்து வறட்சியில் பிழைத்துக்கொள்ளும். ஆனால் மொட்டு விடும் காலத்தில் வாரம் ஒருமுறை ஆழமாக நனைக்காவிட்டால் பூ குறைந்துவிடும். அதே தண்ணீர் பக்கத்திலிருக்கும் எச்செவேரியா போன்ற சக்குலென்டை அழுகவைக்கும்.

சக்குலென்ட் வாங்குமுன் அடி இலையை மெல்ல அழுத்திப் பாருங்கள். சுருங்கி வளைந்தால் பெரும்பாலும் தாகம்தான்; நீர் விட்டால் தேறும். மஞ்சளித்து, கண்ணாடிபோல் ஒளி ஊடுருவி, கொழகொழவென்று இருந்தால் நீர் மிஞ்சிவிட்டது, விட்டுவிடுங்கள். இலைகளுக்கிடையே தண்டு நீண்டிருந்தால் வெளிச்சம் போதாமல் வளர்ந்த செடி. திடீரென வெயிலில் வைத்தால் கருகும். பாதி மண், பாதி பருமணல் கலவை போதும். பொடி மணல் வேண்டவே வேண்டாம், அது காற்றிடைவெளியை அடைத்துவிடும். களிமண் நிலமென்றால் 20 செ.மீ. மேட்டுப்பாத்தி போடுங்கள்.

டேலிலியில் முதலில் கேட்க வேண்டியது வகை: பனிக்காலத்தில் இலை உதிர்த்து உறங்குவதா, பசுமை மாறாததா? குளிரே இல்லாத இடத்தில் உறங்கும் வகை பலவும் ஆண்டுக்காண்டு நலிந்துபோகும். ஒவ்வொரு பூவுக்கும் ஒரே நாள்தான் ஆயுள். அதனால் பூவின் அழகைவிட ஒரு தண்டில் எத்தனை மொட்டு என்று எண்ணுங்கள். இலையும் வேரும் சேருமிடம் மண்ணுக்குள் 2.5 செ.மீ.க்கு மேல் புதையக்கூடாது, புதைந்தால் பூக்காமல் போகலாம். இடைவெளி 45 முதல் 60 செ.மீ., வெயில் தினம் 6 மணி நேரம்.

வீட்டில் பூனை இருந்தால் டேலிலி வேண்டாம். அதைக் கடித்தால் பூனையின் சிறுநீரகமே செயலிழக்கும்.