ஹேலோ வெஸ்ட் போட்டு வீட்டுக்கு வந்தாச்சா, பின் குத்தின இடத்த இப்படி பாத்துக்கோங்க

கழுத்தெலும்பு உடஞ்சவங்களுக்கு தலையச் சுத்தி வளையம் மாட்டி அத நெஞ்சுல போடற ஜாக்கெட்டோட கம்பியால இணைப்பாங்கல்ல, அதான் ஹேலோ வெஸ்ட். அந்த வளையத்த தோல் வழியா மண்டையோட்டுல பிடிச்சு நிறுத்தற திருகாணியத்தான் பின்னு சொல்றாங்க. பெரியவங்களுக்கு பொதுவா 4 பின், முன்னாடி புருவத்துக்கு மேல ரெண்டு, காதுக்குப் பின்பக்கமா ரெண்டு. ரெண்டு மூணு மாசம் தோல்ல அந்த ஓட்டை திறந்தே இருக்கும், தோல்லயே குடியிருக்கற ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிக்கு வேறென்ன வேணும்.

தினமும் ஒரு தடவையோ ரெண்டு தடவையோ, டிஸ்சார்ஜ் பண்றப்ப எப்படி சொன்னாங்களோ அப்படி சுத்தம் பண்ணுங்க. மொதல்ல கைய சோப்பு போட்டு கழுவுங்க. காட்டன் பட்ஸ சலைன்ல நனச்சு பின்னைச் சுத்தி மெதுவா துடைங்க, ஒரு பின்னுக்கு தொட்டத இன்னொரு பின்னுக்கு தொடாதீங்க, இல்லன்னா ஒரு எடத்து கிருமிய நாமளே நாலு எடத்துக்கும் கொண்டு போய் விட்ட மாதிரி ஆயிடும். காஞ்ச பொருக்க நகத்தால பிக்க வேணாம், ஊற வச்சா தானா வரும். பின்னைச் சுத்தி முடிய கட்டையா வெட்டி வைங்க. மஞ்சள், தேங்காண்ணெய், பவுடர்னு வீட்டுப் பெரியவங்க ஆசையா எடுத்துட்டு வருவாங்க, சண்ட போட்டாவது தடுத்துடுங்க. ஆயின்மென்ட் கூட டாக்டர் சொன்னா மட்டும்தான்.

எல்லாரும் சீழ் வருதான்னு மட்டும் பாக்கறாங்க, என்னக் கேட்டா பின் லூசாகுதான்னுதான் மொதல்ல பாக்கணும். லூசான பின் ஆடி ஆடி தோல புண்ணாக்கும், அது வழியா கிருமி எறங்கும், விட்டா மண்டையோட்டு எலும்பு வரைக்கும், அரிதா மூளைப் பக்கத்துல சீழ் கட்டற வரைக்கும் போயிடும். டிக் டிக்னு சத்தம், வளையம் நகர்ற உணர்வு, ஒரே ஒரு பின் கிட்ட மட்டும் புதுசா வலி, இதுல எது வந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணுங்க. செவப்பு, வீக்கம், சீழ் வந்தாலும் அப்படித்தான். காய்ச்சலோட கடும் தலைவலி, வாந்தி, வலிப்பு, இல்ல பின் கிட்ட தண்ணி மாதிரி கசிவு, இதுக்கெல்லாம் போன்லாம் வேணாம், நேரா எமர்ஜென்சி.

வெஸ்ட்லயே ஒரு ஸ்பானர் ஒட்டி விட்டிருப்பாங்க. திடீர்னு இதயம் நின்னு போச்சுன்னா நெஞ்ச அழுத்தறதுக்கு வெஸ்ட்ட கழட்டத்தான் அது, பின்ன முடுக்க இல்ல. பெரியவங்களுக்கு பின்ன வழக்கமா 8 இஞ்ச்-பவுண்ட்னு (முடுக்கற விசைய அளக்கற அளவு) கணக்கு வச்சு முடுக்குவாங்க, அதுக்குன்னு தனி கருவி இருக்கு, வீட்டுல கை போட்டா பின் உள்ள எறங்கிடும்.