ஆற்றை மீட்கும் பணியை எங்கிருந்து தொடங்குவது?

ஆற்றை மீட்க முனைவோர் பெரும்பாலும் குப்பை அகற்றுவதில் தொடங்குகின்றனர்; கழிவு வந்து சேரும் வழியை அடைக்காதவரை அந்த உழைப்பு நிலைக்காது. ஆகவே, நீர் குறைந்திருக்கும் காலத்தில் கரையோரமாக நடந்து, ஆற்றில் திறக்கும் ஒவ்வொரு குழாயையும் வடிகாலையும் வரைபடத்தில் குறியுங்கள். மழையற்ற நாளிலும் மழைநீர் வடிகாலில் நீர் ஓடினால், அதில் கழிவுநீர் கலக்கிறதா என்று ஆராய்ந்து, உரிய அலுவலகத்துக்குப் படத்துடன் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்.

அடுத்து நீரை அளக்க வேண்டும். கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் பல மீன்கள் திணறும். பகலில் ஆக்சிஜனை வெளியிடும் பாசிகள் இரவில் அதை உட்கொள்ள மட்டுமே செய்வதால், விடியற்காலையில்தான் அளவு மிகவும் தாழ்ந்திருக்கும். நண்பகலில் மட்டும் அளப்பவர் ஏமாந்துபோவார்.

கரையில் ஒரே வரிசையாக மரம் நடுவது போதாது. அந்த மண்ணுக்குரிய மரம், புதர், புல் ஆகியவற்றை இயன்றால் 10 முதல் 30 மீட்டர் அகலத்துக்கு அடுக்கடுக்காக வளர்த்தால், வேர்கள் கரையைப் பிடித்துக்கொள்ளும். வயல்களிலிருந்து வரும் வண்டலும் உரமும் வடிகட்டப்படும். நிழலால் நீர் குளிரும். ஆற்றில் விழுந்த மரம் பாலத்தையோ மதகையோ அடைக்காவிட்டால், மீன்குஞ்சுகள் ஒளிந்துகொள்ள அதை அங்கேயே விட்டுவிடலாம். ஆகாயத்தாமரையைப் பூக்கும் முன்னரே அகற்றி, வெள்ளம் எட்டாத இடத்தில் குவியுங்கள்; அதன் விதைகள் சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். இயந்திரத்தால் ஆற்றை நேராக்கித் தூர்வாருவதை, மீன்கள் முட்டையிடும் பருவத்திலாவது கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும்.