சின்னப் பிள்ளைக்கு சுகர் எகிறினாலும் இறங்கினாலும் உடனே என்ன பண்ணணும்

குழந்தைக்கெல்லாம் சுகர் வருமான்னு கேக்குறவங்க இன்னும் நிறைய பேர் இருக்காங்க, வரும், கைக்குழந்தைக்குக்கூட வரும். பிள்ளைங்களுக்கு வர்றது பெரும்பாலும் டைப் 1, கணையத்துல இன்சுலின் சுரக்குறதே நின்னுபோறது. மிட்டாய் தின்னு வந்தது இல்ல, அதனால அம்மாவைத் திட்டுறதை முதல்ல நிறுத்துங்க.

சொம்பு சொம்பா தண்ணி குடிக்கும், அடிக்கடி ஒன்னுக்குப் போகும், நல்லா சாப்பிட்டும் இளைக்கும், பாய்ல ஒன்னுக்குப் போறதை விட்ட பிள்ளை மறுபடி நனைக்க ஆரம்பிக்கும், சில வீட்ல ஒன்னுக்குப் போன இடத்துல எறும்பு மொய்க்குதுன்னு பாட்டிதான் முதல்ல கண்டுபிடிப்பாங்க. இந்தக் கட்டத்துலயே சுகர் பாத்துட்டா தப்பிச்சோம். விட்டா வாந்தி, வயித்துவலி, மூச்சு ஆழமா வேகமா இழுக்கும், வாயில ஒரு மாதிரி பழ வாடை அடிக்கும், அப்புறம் பிள்ளை சோர்ந்து தூங்கிக்கிட்டே இருக்கும். இதுக்குப் பேர் டிகேஏ, இன்சுலின் இல்லாம உடம்பு கொழுப்பை எரிச்சு கீட்டோன்னு ஒரு அமிலம் ரத்தத்துல சேர்றது. உயிருக்கே ஆபத்து.

நம்ம ஊர்ல இங்கதான் நேரம் போகுது. குடல் ஏறிருச்சுன்னு எண்ணெய் தடவி தட்டக் கூட்டிட்டுப் போவாங்க, கிளினிக்ல வாந்திக்கு ஊசி போட்டு அனுப்புவாங்க, மூச்சு இழுக்குதேன்னு நெபுலைசர் வைப்பாங்க. ஒரு விஷயம் கவனிங்க: சாதாரணமா வாந்தி எடுத்து தண்ணி வத்துன பிள்ளை ஒன்னுக்குக் கம்மியா போகும், இந்தப் பிள்ளை வாந்தியும் எடுக்கும் ஒன்னுக்கும் நிறைய போகும். அப்படி இருந்தா கூச்சப்படாம "ஒரு சொட்டு ரத்தம் எடுத்து சுகர் பாத்துருங்க சிஸ்டர்"னு நீங்களே கேளுங்க, பிஎச்சிலயே குளுக்கோமீட்டர் இருக்கும். இந்த அறிகுறியோட 200க்கு மேல காட்டுனா நாளைக்கு வெறும் வயித்துல வாங்கன்னு யார் சொன்னாலும் வீட்டுக்குத் திரும்பாதீங்க, 108 கூப்பிட்டு குழந்தைங்க வார்டு இருக்குற பெரிய ஜிஎச்க்குப் போங்க. தாத்தாவோட இன்சுலினை நீங்களா போட வேண்டாம், குளுக்கோஸ் தண்ணி, ஜூஸ், இளநி எதுவும் வேண்டாம். அங்க டிரிப்ஸ் மெதுவாதான் ஏத்துவாங்க, வேகமா ஏத்துங்கன்னு சண்டை போடாதீங்க, இந்தப் பிள்ளைங்களுக்கு மூளை வீங்குற ஆபத்து இருக்கு, பாத்து பாத்துதான் ஏத்தணும். தலைவலிக்குதுன்னு சொன்னாலோ தூக்கம் ஜாஸ்தியானாலோ உடனே நர்ஸ்கிட்ட சொல்லுங்க.

அடுத்தது லோ சுகர். ஏற்கனவே இன்சுலின் ஊசி போடுற பிள்ளைக்கு, ஊசி போட்டு சாப்பிடாம ஓடிட்டா, வெயில்ல ரொம்ப விளையாடுனா வரும். வேர்க்கும், கை நடுங்கும், காரணமில்லாம எரிஞ்சு விழும், பேச்சு குழறும். 70க்குக் கீழ இருந்தா லோ, மீட்டர் கையில இல்லன்னா லோன்னே வச்சுக்கோங்க. பெரிய பிள்ளைக்கு மூணு டீஸ்பூன் சீனி கொஞ்சம் தண்ணில கரைச்சு குடுங்க, ரொம்ப சின்னதுன்னா ஒன்னு ரெண்டு ஸ்பூன் போதும். 15 நிமிஷத்துல மறுபடி பாருங்க, ஏறலன்னா திரும்பவும் குடுங்க. சாக்லேட் வேண்டாம், அதுல இருக்குற கொழுப்பால சுகர் மெதுவாதான் ஏறும். மயங்கிட்டா, ஃபிட்ஸ் வந்தா வாயில எதையும் ஊத்தாதீங்க, புரைக்கேறிடும். ஒருக்களிச்சுப் படுக்க வச்சு 108க்கு போன் பண்ணுங்க, டாக்டர் குளுக்ககான் ஊசி (சுகரை ஏத்துற மருந்து) குடுத்து வச்சிருந்தா போடுங்க, அது இல்லன்னா வண்டி வர்ற வரைக்கும் சீனியை ரெண்டு சொட்டு தண்ணில பிசைஞ்சு கன்னத்து உள்பக்கம் கொஞ்சமா தடவலாம்.

காய்ச்சல் வந்து சாப்பிடலன்னா அன்னைக்கு ஊசியே வேண்டாம்னு விட்டுறாதீங்க, டிகேஏ திரும்ப வர்றதுக்கு பெரிய காரணமே இதுதான். அளவு மாறலாம், டாக்டர்கிட்ட போன்ல கேட்டுக்கோங்க, ஆனா அடியோட நிறுத்தக் கூடாது. மூணு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை சுகர் பாருங்க, யூரின்ல கீட்டோன் ஸ்ட்ரிப் போட்டுப் பாருங்க, வாந்தி நிக்கலன்னா கிளம்பிடுங்க.

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்ல இன்சுலினை பிளாஸ்டிக் கவர்ல தண்ணி புகாம கட்டி சின்ன மண் சட்டில வச்சு, அதை ஈர மணல் போட்ட பெரிய பானைக்குள்ள நிழல்ல வைங்க, மணல் காய விடாதீங்க. ஃபிரிட்ஜ் இருந்தா ஃப்ரீசர்ல வைக்காதீங்க, உறைஞ்சா அது வேலைக்காகாது. முக்கியமா சிரிஞ்சு: ஜிஎச்ல குடுக்குற பாட்டில் பெரும்பாலும் 40 யூனிட் (அதாவது ஒரு மில்லில 40 யூனிட்), அதுக்கு சிவப்பு மூடி சிரிஞ்சு, 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி. 100 மருந்தை சிவப்பு மூடில எடுத்தா ரெண்டரை மடங்கு உள்ள போயிரும், பிள்ளை லோ ஆகி விழுந்துரும். மெடிக்கல்ல சிரிஞ்சு வாங்கும்போது காலி பாட்டிலைக் கையோட கொண்டு போய் நம்பரைக் காட்டி வாங்குங்க.