கோபத்தின் நடுவில் பாடம் எடுக்காதீர்கள்

ஐந்தாம் வகுப்புவரை சொன்ன பேச்சைக் கேட்ட பிள்ளை, ஏழாம் வகுப்பு வருவதற்குள் கதவை அறைந்து சாத்துகிறது, ஒரு வார்த்தை சொன்னால் நாலு வார்த்தை திருப்பிப் பேசுகிறது, அரை மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. இதைத் திமிர் என்று முடிவுகட்டுவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. 11 முதல் 14 வயதுக்குள் உணர்ச்சியைக் கிளப்பும் மூளைப் பகுதிகள் வேகம் எடுத்துவிடுகின்றன. ஆனால் நெற்றிக்குப் பின்னால் இருந்துகொண்டு ‘கொஞ்சம் பொறு’ என்று சொல்ல வேண்டிய பகுதி முழுதாக முதிர இருபது வயதைத் தாண்டியும் சில வருடங்கள் ஆகும். அதற்காக எதைச் செய்தாலும் விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. கற்றுக்கொடுக்கத்தான் வேண்டும், ஆனால் எந்த நேரத்தில் என்பதில்தான் சொதப்புகிறோம்.

என் வகுப்பில் நடந்த ஒன்று. பின்னால் இருந்தவன் நோட்டில் கிறுக்கிவிட்டான் என்று ஒரு பையன் திரும்பி ஓங்கி ஒரு அறை விட்டான். நான் போய் எதிரே நின்று “ஏன்டா அடிச்ச?” என்றேன். காது சிவந்திருக்கிறது, கை நடுங்குகிறது, “தெரியல” என்கிறான். உண்மையைத்தான் சொன்னான், அந்த நேரத்தில் அவனுக்கு நிஜமாகவே தெரியாது. நான் விடவில்லை. “தெரியலையா? எப்படித் தெரியாம இருக்கும்?” நோட்டு பறந்தது, என்னைப் பார்த்தும் கத்தினான். தண்டனை கிடைத்தது அந்த இரண்டாவது வெடிப்புக்கு. அதைக் கொளுத்திப் போட்டது நான்.

கோபத்தின் உச்சத்தில் இருக்கும் பிள்ளையிடம் காரணம் கேட்காதீர்கள், அறிவுரை வேண்டாம், “அமைதியா இரு” என்றும் சொல்லாதீர்கள், அதைக் கேட்டு அமைதியானவரை நான் இதுவரை பார்த்ததில்லை. குரலைத் தாழ்த்தி, “வெளியே போய்த் தண்ணி குடிச்சிட்டு வா, அப்புறம் பேசலாம்” என்றால் போதும். முக்கியமாக, மற்ற பிள்ளைகளின் முன்னால் எதையும் தீர்க்கப் பார்க்காதீர்கள். உளவியல் ஆய்வாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டெயின்பெர்க்கும் 2005இல் வெளியிட்ட ஆய்வில் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டு ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள்: நண்பர்கள் பக்கத்தில் இருந்தபோது 13 முதல் 16 வயதினர் தனியாக ஆடியதைவிட ரொம்பவே துணிச்சலாக ஓட்டினார்கள், 24 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. விளையாட்டுக்கே இப்படி என்றால், முப்பது பேர் பார்க்கும்போது ஒரு பையன் எப்படிப் பின்வாங்குவான்?

அடுத்தது, “தலையணையைக் குத்து, கோபம் போயிடும்” என்கிற யோசனை. நல்லெண்ணத்தோடு சொல்வதுதான், ஆனால் வேலை செய்யாது. உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களிடம் சோதித்தபோது, கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துச்சண்டை மூட்டையைக் குத்தியவர்களிடம்தான் கோபம் அதிகமாக இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர்கள் அவர்களைவிட நன்றாகவே இருந்தார்கள். இதற்கு நேர் எதிரான தவறு அடக்கச் சொல்வது. “ஆம்பளப் பிள்ள அழலாமா” என்றால் அழுகை உள்ளேதான் போகும், காணாமல் போகாது. அதைவிட, அடங்கியபின் உணர்ச்சிக்கு ஒரு பெயர் கண்டுபிடிக்க உதவுங்கள். கோபம் என்று அவர்கள் சொல்வது பல நேரம் அவமானமாகவோ பொறாமையாகவோ இருக்கும்.

மூச்சுப் பயிற்சியையும் தப்பான நேரத்தில்தான் கையில் எடுக்கிறோம். நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுவது நல்லதுதான், நிதானமாக மூச்சு விடும்போது இதயத் துடிப்பு தணியும். ஆனால் கொதிக்கும்போது முதன்முதலாகச் சொன்னால் அது கிண்டல் மாதிரி கேட்கும். தினமும் வகுப்பு தொடங்கும் முன் ஒரு நிமிடம் பழகியிருந்தால்தான் அவசரத்துக்குக் கை கொடுக்கும்.

“இனிமே கோபப்பட மாட்டேன்னு சொல்லு” என்று சத்தியம் வாங்குவதும் வீண். அவன் என் பையை இழுத்தால், நான் எழுந்து முதல் பெஞ்சுக்குப் போவேன் என்று, ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ வடிவில் முன்கூட்டியே ஒரு திட்டம் போட்டு வைக்க வேண்டும். போன் விஷயத்திலும் இதே கதைதான். ராத்திரி பத்தரைக்குக் குரூப்பில் யாரோ தன் போட்டோவைப் போட்டுக் கேலி செய்திருப்பதைப் பார்க்கிற பெண், கட்டைவிரல் பறக்கப் பதில் டைப் அடிக்கிறாள். அடிக்காதே என்றால் நடக்காது. அடி, ஆனால் சாட்டில் அடிக்காமல் போனில் இருக்கும் நோட்ஸில் அடித்து வை, காலையில் படித்துப் பார்த்து அப்புறம் அனுப்பு என்று பேசி வையுங்கள். உந்துதல் ஏறி, உச்சம் தொட்டு, தானாகவே வடிந்துவிடும், அதுவரை கை சும்மா இருந்தால் சரி.

தூக்கத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. 6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரமும், 13 முதல் 18 வயதுவரை 8 முதல் 10 மணி நேரமும் வேண்டும். ஆறு மணி நேரம் தூங்கிவிட்டு வந்த பிள்ளையிடம் நிதானத்தை எதிர்பார்ப்பது நம் பேராசை. இதையெல்லாம் செய்தும் தன்னையோ மற்றவரையோ காயப்படுத்திக்கொள்கிற நிலை என்றால் வீட்டு வைத்தியம் வேண்டாம், உடனே மனநல மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அந்தப் பையனிடம் அன்றே மன்னிப்புக் கேட்க வைத்தார்கள், தரையைப் பார்த்து “சாரி” என்றான், அவ்வளவுதான். மறுநாள் நோட்டுகளை அடுக்கக் கூப்பிட்டுக்கொண்டேன். பக்கத்தில் நின்று அடுக்கிக்கொண்டிருந்தவன், நான் எதுவும் கேட்காமலே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: “அவன் கிறுக்கினது என் படத்து மேல சார். மூணு நாளா வரைஞ்சது.”