கிரேக்கரின் மறுமை நம்பிக்கைகளை வகுப்பில் விளக்கும் முறை

திருநெல்வேலிப் பக்கத்துப் பள்ளிகளில் பண்டைக் கிரேக்கரின் மரண நம்பிக்கைகளைக் கற்பிப்போர், பாதாள உலகின் வருணனையை ஒத்திவைத்து, ஈமச் சடங்கிலிருந்து தொடங்குவது நல்லது. ஆதிச்சநல்லூர்த் தாழிகளைப் பார்த்த பிள்ளைகளுக்கு, இறந்தவரோடு பொருள்களையும் புதைக்கும் வழக்கத்தைத் தனியே விளக்க வேண்டியதில்லை.

ஏதென்ஸில் வீட்டுப் பெண்கள் உடலைக் கழுவி, எண்ணெய் பூசி, கட்டிலில் கிடத்தி ஒப்பாரி வைத்தனர். மூன்றாம் நாள் பொழுது விடியுமுன் உடலை எடுத்தனர். இறந்தோரைப் பாதாள ஆற்றின் அக்கரை சேர்க்கும் படகோட்டி காரோனுக்குக் கூலியாக வாயில் சிறு காசு வைப்பதும் உண்டு. மாணவர்கள் உடனே வாய்க்கரிசியை நினைப்பார்கள். நினைக்கட்டும், ஆனால் அரிசி இறந்தவருக்கு, காசு படகோட்டிக்கு என்ற வேறுபாட்டை அவர்கள் வாயாலேயே சொல்ல வையுங்கள். எல்லாக் கல்லறைகளிலும் காசு கிடைப்பதில்லை என்பதையும் மறைக்க வேண்டாம்.

அடுத்து ஹோமரின் காப்பியமான ஒடிஸியின் 11ஆம் காண்டத்தை நிதானமாக வாசியுங்கள். இறந்தோர்க்கெல்லாம் அரசனாவதைவிட, வறியவன் ஒருவனிடம் கூலியாளாக உயிர்வாழ்வதே மேல் என்று டிராய்ப் போரில் மாண்ட வீரன் அகிலீஸின் ஆவி சொல்லும் இடம், ஹோமர் காட்டும் மறுமையில் மாவீரனுக்கும் ஆறுதல் இல்லை என்பதைத் தெளிவாக்கும். ஓயாமல் பாறையை மேலே உருட்டும் சிசிபஸ், எட்டாத நீருக்கும் கனிக்கும் ஏங்கும் தாந்தலஸ் ஆகியோரின் தண்டனைகள் விதிவிலக்குகளே. பாடநூல்கள் அவற்றுக்கு அளவுக்கு மீறி இடம் தருகின்றன.

கடைசியாக, சில கல்லறைகளில் கிடைத்த பொன் தகடுகள். வெள்ளைச் சைப்பிரசு மரத்தருகே உள்ள ஊற்றைத் தவிர்த்து, நினைவின் ஏரியில் நீரருந்துமாறு அவை இறந்தவருக்கு வழிசொல்கின்றன. அந்த வழியை மாணவர்களையே கரும்பலகையில் வரையச் சொல்லுங்கள்.