என் மின் போர்ட்ஃபோலியோ யாருக்கும் திறக்கவில்லை

படிப்பு முடிந்ததும் இணையதளம் கட்ட உதவும் கூகுள் சைட்ஸில், என் ப்ராஜெக்ட்களைக் காட்டும் ஒரு போர்ட்ஃபோலியோ செய்து, அதன் லிங்க்கை ரெஸ்யூமேயில் போட்டு வேலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். எங்கிருந்தும் பதில் இல்லை. ஒருநாள் சீனியர் அண்ணன் ஒருவர் பார்த்துவிட்டு, "பக்கம் வருதுப்பா, ஆனா ப்ராஜெக்ட் ஒண்ணுமே திறக்கல" என்றார். நெஞ்சு பதறிவிட்டது.

காரணம் இதுதான்: சைட்டை எல்லோருக்கும் வெளியிட்டாலும், உள்ளே இருக்கும், கூகுள் டிரைவில் சேமித்த கோப்புகளுக்குத் தனி அனுமதி உண்டு. என் கோப்புகள் கல்லூரிக் கணக்கில் இருந்தன. அதிலிருந்து வெளியாட்களுடன் பகிர முடியாதபடி பூட்டியிருந்தார்கள்.

எல்லாவற்றையும் இறக்கி, சொந்த ஜிமெயில் கணக்கில் ஏற்றினேன். பகிர்வில் 'லிங்க் உள்ள எவரும்' என்றும் 'பார்க்க மட்டும்' என்றும் மாற்றினேன். அப்புறம் சைட்டையும் அதே கணக்கில் புதிதாகக் கட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. மதிப்பெண் சான்றிதழ்களை மட்டும் ஏற்றவில்லை. அவை அரசின் ஆவணப் பெட்டகமான டிஜிலாக்கரிலேயே இருக்கட்டும், கேட்டால் கொடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக குரோமின் இன்காக்னிட்டோ எனும் தனி உலாவல் ஜன்னலில், எந்தக் கணக்கிலும் நுழையாமல் ஒவ்வொரு லிங்க்கையும் தட்டிப் பார்த்தேன். எல்லாம் திறந்தன. அம்மாவின் போனிலும் பார்த்த பிறகுதான் அடுத்த விண்ணப்பத்தை அனுப்பினேன்.